நகர்த்தினால் தோல்வி: செஸ்ஸில் சுக்ஸ்வாங்

செஸ்ஸில் ‘பாஸ்’ கிடையாது. உங்கள் முறை வந்தால் ஏதாவது ஒரு காயை நகர்த்தித்தான் ஆக வேண்டும். ஆட்டத்தின் பெரும்பகுதியில் இந்த விதி யாருக்கும் உறைப்பதில்லை. முறை நம்முடையது என்றால் லாபம்தானே, ஒரு காயைக் கூடுதலாக வெளியே கொண்டுவரலாம், ஒரு அடி முந்தலாம். ஆனால் சில நிலைகள் உண்டு. எல்லாக் காய்களும் சரியான இடத்தில் நிற்கும். எதிராளியால் உடைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது. அப்படியே நின்றால் போதும். அப்போது முறை உங்களுக்கு வருகிறது. எதைத் தொட்டாலும் ஏதோ ஒன்று இடிகிறது. இதற்குப் பெயர்தான் சுக்ஸ்வாங்.

சொல் ஜெர்மன் மொழியுடையது. ‘சுக்’ என்றால் நகர்வு, ‘ஸ்வாங்’ என்றால் கட்டாயம். நகர்த்தும் கட்டாயமே கேடாக முடியும் நிலை. உலகம் முழுக்கச் செஸ் ஆடுகிறவர்கள் இந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார்கள், நாமும் வைத்துக்கொள்வோம்.

பலகை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால்தான் இது பிடிபடும். வெள்ளைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாக நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச். கீழிருந்து மேலாகக் கிடைவரிசைகள் 1 முதல் 8. ஈ4 என்றால் ஈ நெடுவரிசையின் நான்காம் கட்டம். காய்களை ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்று சொல்கிறேன். மூலைவிட்டமாகப் போகும் காயை மந்திரி என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. உங்கள் வீட்டுப் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா எஃப்5, வெள்ளைச் சிப்பாய் ஈ4. கறுப்பு ராஜா டி4, கறுப்புச் சிப்பாய் ஈ5. இரண்டு சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, நகராது. வெள்ளை ராஜா தன் சிப்பாயைக் காக்கிறது, எதிரியின் சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்பு ராஜாவும் அதையேதான் செய்கிறது. இப்போது வெள்ளையின் முறை என்று வையுங்கள். ராஜாவை எங்கே வைத்தாலும் ஈ4 காவலற்றுப் போகும். கறுப்பு அதை வெட்டும். மிச்சமிருக்கும் கறுப்புச் சிப்பாய் தன் ராஜாவின் துணையோடு ராணியாகும். கறுப்பின் முறை என்றால் இதே கதை மறுபக்கம். யார் நகர்த்துகிறாரோ அவர் தோற்கிறார். காய்கள் ஒன்றுகூட மாறவில்லை. முறை மட்டும் மாறினால் வெற்றி தோல்வியாகிறது. இப்படி இரண்டு பேரையும் கடிக்கும் நிலையை இருதரப்பு சுக்ஸ்வாங் என்கிறோம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மோசமான நிலையெல்லாம் சுக்ஸ்வாங் ஆகாது. உங்கள் ராணி மாட்டிக்கொண்டது, எதை நகர்த்தினாலும் போகும் என்றால் அது வெறும் தோல்வி நிலை. சோதனை எளிது: “இந்த ஒரு முறை மட்டும் பாஸ் சொல்ல விட்டால் தப்பிப்பேனா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் சுக்ஸ்வாங். பாஸ் சொன்னாலும் எதிராளியின் அடுத்த நகர்வில் போய்ச் சேருவேன் என்றால் அது மிரட்டல், சுக்ஸ்வாங் இல்லை.

ஸ்டேல்மேட்டோடும் சேர்த்துக் குழப்புவார்கள். ஸ்டேல்மேட்டில் செக் இல்லை, ஆனால் விதிப்படி நகர்த்த ஒரு நகர்வும் இல்லை, ஆட்டம் டிரா. சுக்ஸ்வாங்கில் நகர்வு இருக்கிறது, நல்ல நகர்வுதான் இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் புலிகளை நகரவிடாமல் அடைத்தால் ஆடுகள் ஜெயித்தன. செஸ் அப்படி இல்லை. எதிராளியை முழுக்க அடைத்தால் கைக்கு வந்தது போய்விடும். ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்து, அந்த வாசல் கிணற்றில் முடியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நூலிழையைப் பார்க்க, ஒற்றைச் சிப்பாய் முடிவாட்டத்தை விட நல்ல இடம் இல்லை. வெள்ளை ராஜா டி6, சிப்பாய் ஈ6. கறுப்பு ராஜா ஈ8. வெள்ளையின் முறை. சிப்பாயை ஈ7க்குத் தள்ளுங்கள். செக் இல்லை. கறுப்பு ராஜாவுக்கு டி8, எஃப்8 இரண்டையும் சிப்பாய் அடைத்துவிட்டது. டி7ஐ வெள்ளை ராஜா அடைத்துவிட்டது. ஈ7 சிப்பாய்க்குக் காவல் இருக்கிறது. மிச்சம் எஃப்7 ஒன்றுதான். போயே தீர வேண்டும். போனதும் வெள்ளை ராஜா டி7க்கு வருகிறது, அடுத்த நகர்வில் ராணி. கறுப்பு ராஜா ஈ8லேயே உட்கார்ந்திருக்க முடிந்திருந்தால் அந்தச் சிப்பாய் முன்னேறியே இருக்காது.

இப்போது அதே நிலையில் கறுப்பின் முறை என்று வையுங்கள். கறுப்பு ராஜா டி8க்குப் போகிறது, வெள்ளை ராஜாவுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு கட்டம் விட்டு. இப்போது சிப்பாயை ஈ7க்குத் தள்ளினால் செக் ஆகிறது. கறுப்பு ஈ8க்கு வருகிறது. சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா ஈ6க்கு வந்தால் ஸ்டேல்மேட். வராவிட்டால் சிப்பாய் போச்சு. எப்படியும் டிரா. இதிலிருந்து கையோடு எடுத்துப் போக ஒரு விதி: கறுப்பு ராஜா முன்னால் நின்று தடுக்கும் இம்மாதிரி நிலையில், உங்கள் சிப்பாய் ஏழாம் வரிசையைச் செக் கொடுக்காமல் தொட்டால் வெற்றி, செக் கொடுத்துத் தொட்டால் டிரா. இது ஓரச் சிப்பாய்களான ஏ, எச் இரண்டுக்கும் பொருந்தாது. அங்கே ராஜா மூலைக்குள் ஒதுங்கிக்கொள்ளும்.

ராஜாக்கள் இப்படி ஒரு கட்ட இடைவெளியில் நேருக்கு நேர் நிற்பதை ‘ஆப்பொசிஷன்’ என்பார்கள். நகர்த்த வேண்டிய முறை யாருக்கு இல்லையோ, ஆப்பொசிஷன் அவர் கையில். பயிற்சி வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்; ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று பலர் யோசிப்பதில்லை. ஆப்பொசிஷன் தனி மந்திரம் ஒன்றும் இல்லை. ராஜாவும் ராஜாவும் மோதும் சுக்ஸ்வாங், அவ்வளவுதான்.

ராஜா–யானையை வைத்துத் தனி ராஜாவை செக்மேட் செய்வதும் இதே தத்துவத்தில்தான் முடிகிறது. வெள்ளை ராஜா சி6, யானை டி7, கறுப்பு ராஜா பி8, வெள்ளையின் முறை. புதியவர்கள் இங்கே உடனே செக் கொடுக்கத் துடிப்பார்கள். யானையை டி8க்குக் கொண்டுபோய் செக் வைத்தால் கறுப்பு ஏ7க்கு நழுவி வெளியே வந்துவிடும். தேவையானது ஒரு ‘சும்மா’ நகர்வு. யானையை அதே ஏழாம் வரிசையில் எச்7க்குத் தள்ளுங்கள். எதுவும் மாறவில்லை, முறை மட்டும் கறுப்புக்குப் போய்விட்டது. சி8க்குப் போனால் யானை எச்8ல் செக்மேட். ஏ8க்குப் போனால் வெள்ளை ராஜா பி6. கறுப்பு திரும்பி பி8க்கு வந்தே ஆக வேண்டும். யானை எச்8ல் செக்மேட். யானை நீளமாகப் போகும் காய் என்பதால் அதே வேலையைச் செய்துகொண்டே இடம் மாற முடிகிறது. காத்திருப்பதற்கு அதைவிட நல்ல காய் இல்லை.

குதிரைக்குக் காத்திருக்கவே வராது. ஒவ்வொரு நகர்விலும் கட்டத்தின் நிறம் மாறும். வெள்ளைக் கட்டத்திலிருந்து கறுப்பு, கறுப்பிலிருந்து வெள்ளை. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஒரு முறையை விழுங்க அதனால் முடியாது. இதை அப்பட்டமாகக் காட்டும் நிலை ஒன்று உண்டு. வெள்ளை ராஜா எச்8 மூலையில், அதன் சிப்பாய் எச்7ல். கறுப்பு ராஜா எஃப்7க்கும் எஃப்8க்கும் மாறி மாறிப் போய்க்கொண்டு வெள்ளை ராஜாவை வெளியே விடாமல் அடைக்கிறது. வெள்ளையிடம் ஒரு குதிரை மட்டும் சுதந்திரமாக இருக்கிறது. குதிரை சரியான நேரத்தில் எஃப்7ஐயோ எஃப்8ஐயோ பிடித்துவிட்டால் கறுப்பு ராஜா விலக வேண்டும், வெள்ளை ராஜா வெளியே வரும், சிப்பாய் ராணியாகும். வெள்ளை வெல்லுமா என்பது நிறத்தைப் பொறுத்தது: வெள்ளையின் முறையில் குதிரையும் கறுப்பு ராஜாவும் வேறு வேறு நிறக் கட்டங்களில் இருந்தால் வெற்றி, ஒரே நிறத்தில் இருந்தால் நாள் முழுக்கக் குதித்தாலும் டிரா. குதிரை பி1ல், கறுப்பு ராஜா எஃப்8ல் என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். பி1லிருந்து டி2, எஃப்3, ஈ5. மூன்றாவது குதியில் கறுப்பு ராஜா எஃப்8ல் நிற்கும், எஃப்7 பறிபோயிருக்கும். குதிரையை பி1க்குப் பதில் சி1ல் வைத்துத் தொடங்கினால் அத்தனையும் ஒரு அடி தள்ளிப்போய்விடும்.

குதிரையால் முடியாததை ராஜா செய்யும். நேராக ஒரே நகர்வில் போகக்கூடிய இடத்துக்கு இரண்டு நகர்வில் சுற்றிப் போய், எதிராளியின் தலையில் முறையைக் கட்டிவிடும். பாதை முக்கோணமாக இருப்பதால் இதை முக்கோண நடை என்கிறோம். இந்த ஒரு உத்திக்கு நேரம் ஒதுக்கிப் படிப்பது வீண்போகாது.

வெள்ளை ராஜா டி5, சிப்பாய்கள் ஏ5, சி6. கறுப்பு ராஜா சி8, சிப்பாய் ஏ6. வெள்ளையின் முறை. ராஜா டி6க்குப் போனால் கறுப்பு டி8. பிறகு சி7 செக், கறுப்பு சி8, வெள்ளை சி6க்கு வந்தால் ஸ்டேல்மேட். ராஜா சி5க்குப் போனால் கறுப்பு சி7க்கு வந்து பி6 வாசலை அடைக்கிறது. நேர்வழி இரண்டும் அடைப்பு. ஆனால் இதே நிலையில் கறுப்பின் முறை என்றால்? கறுப்பு சி7க்கு வந்தால் வெள்ளை சி5. கறுப்பு ராஜா பின்வாங்கியதும் வெள்ளை பி6க்கு நுழைந்து ஏ6 சிப்பாயைச் சாப்பிடும். கறுப்பு டி8க்கோ பி8க்கோ போனால் வெள்ளை டி6. கறுப்பு சி8க்குத் திரும்ப, இப்போது சி7 செக் இல்லாமல் விழுகிறது. கறுப்பு பி7, வெள்ளை டி7, வெற்றி. ஆகவே வெள்ளையின் வேலை ஒன்றே: இதே படத்தைக் கறுப்பின் முறையோடு கொண்டுவருவது.

எப்படி? ராஜாவை சி4க்குப் பின்வாங்குங்கள். கறுப்பு டி8 என்று வைப்போம். அடுத்து வெள்ளை டி4. கறுப்பு சி8க்குத் திரும்புகிறது. வெள்ளை டி5. முடிந்தது; அதே நிலை, கறுப்பின் முறை.

கறுப்பால் ஏன் தடுக்க முடியவில்லை என்பதுதான் இதில் சுவையான பகுதி. வெள்ளை ராஜா டி5ல் வந்து நிற்கும்போது கறுப்பு சி8ல் போய் நிற்க முடிய வேண்டும். வெள்ளை சி5ல் நிற்கும்போது சி7ல். வெள்ளை சி4லோ டி4லோ இருந்தால் அடுத்து சி5, டி5 இரண்டுக்கும் போகக்கூடும். அப்போது கறுப்பு, சி7க்கும் சி8க்கும் ஒரே அடியில் போகக்கூடிய கட்டத்தில் நிற்க வேண்டும். டி8, பி8 இரண்டுதான் அப்படி இருக்கின்றன. பி7, டி7ஐ சி6 சிப்பாய் பிடித்துவைத்திருக்கிறது. வெள்ளை சி4லிருந்து டி4க்கு ஒரே அடியில் போய்விடும். கறுப்பு டி8லிருந்து பி8க்கு ஒரே அடியில் போக முடியாது. வெள்ளைக்குப் பின்னால் இடம் இருக்கிறது, கறுப்புக்குச் சுவர் இருக்கிறது. முக்கோண நடையில் ஜெயிப்பது எப்போதும் இடம் அதிகம் வைத்திருப்பவர்தான்.

பெரிய காய்களிலும் இதைச் செய்யலாம். ராணிக்கு எதிராக யானை என்ற முடிவாட்டத்தில், பிரான்ஸின் ஃபிலிடோர் 1777இலேயே காட்டிய நிலை: வெள்ளை ராஜா சி6, ராணி ஏ5, கறுப்பு ராஜா பி8, யானை பி7. கறுப்பின் முறை என்றால் யானை தன் ராஜாவைப் பிரிந்து போக வேண்டும், ராணி தொடர் செக்குகளில் அதைப் பொறுக்கிக்கொள்ளும். வெள்ளையின் முறை என்றால் ராணி முக்கோணம் போடும்: ஈ5ல் செக், கறுப்பு ஏ7 அல்லது ஏ8, ஏ1ல் செக், கறுப்பு பி8, ராணி மறுபடி ஏ5. (ஏ8ல் நிற்கும் ராஜா, ஏ1 செக்கைத் தடுக்க யானையை ஏ7ல் வைத்தால் ராணி எச்8ல் செக்மேட்.) மூன்று நகர்வு செலவழித்து, இருந்த இடத்துக்கே வந்து, முறையை மட்டும் கைமாற்றியாகிவிட்டது.

இனி ஆட்டத்தில் உங்களுக்கு நிஜமாகவே காசு பெற்றுத்தரும் விஷயம்: உபரிச் சிப்பாய் நகர்வுகள். ராஜாக்கள் இறுகி நிற்கும்போது, பலகையின் வேறு மூலையில் சும்மா நகர்த்த ஒரு சிப்பாய் வைத்திருப்பவர் பிழைத்துக்கொள்வார். முதலில் பார்த்த நான்கு காய் நிலைக்கே திரும்புங்கள். வெள்ளைக்கு எச்2ல் ஒரு சிப்பாயும், கறுப்புக்கு எச்6ல் ஒரு சிப்பாயும் சேருங்கள். வெள்ளையின் முறை. எச்2லிருந்து எச்4க்கு இரண்டு கட்டம் தாவினால், கறுப்பு எச்5 என்று பூட்டிவிடும். வெள்ளை ராஜா நகர்ந்தாக வேண்டும், ஈ4 சிப்பாயும் அதோடு ஆட்டமும் போகும். ஒரே கட்டம், எச்3 மட்டும் வைத்தால்? கறுப்பு எச்5, வெள்ளை எச்4. இப்போது பூட்டியது வெள்ளை. கறுப்பு ராஜா விலக வேண்டும், ஈ5 விழும். ஒரு கட்டமா இரண்டு கட்டமா என்பதில் முழு ஆட்டமும் நிற்கிறது.

ஆகவே சிப்பாய் முடிவாட்டத்துக்குள் நுழையும் முன் இரு தரப்பிலும் எத்தனை உபரி நகர்வு என்று விரல் விட்டு எண்ணுங்கள். இரண்டாம் வரிசையிலேயே நிற்கும் சிப்பாய் தங்கம். ஒன்றா இரண்டா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்கு மட்டும்தான் உண்டு. நடு ஆட்டத்தில் வேறு ஒன்றும் தோன்றாமல் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிற பழக்கம் இருக்கிறதே, அதன் வட்டி நாற்பது நகர்வு கழித்து வசூலாகும். இன்னொரு தவறு, உபரி நகர்வுகளை அவசரப்பட்டு முதலிலேயே செலவழிப்பது. ராஜாவை எவ்வளவு நல்ல இடத்துக்குக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவும் கொண்டுபோய், வேறு வழியே இல்லை என்னும்போது கடைசியாகத்தான் அவற்றைத் தொட வேண்டும்.

நடு ஆட்டத்தில் சுக்ஸ்வாங் அபூர்வம். காரணம் வெளிப்படை: காய்கள் நிறைய இருந்தால் எங்காவது ஒரு சும்மா நகர்வு கிடைத்துவிடும். அபூர்வம் என்பதால்தான் 1923இல் கோபன்ஹேகனில் சேமிஷுக்கு எதிராகக் கறுப்புக் காய்களில் நிம்ஸோவிச் ஆடிய ஆட்டம் ‘அழியாத சுக்ஸ்வாங் ஆட்டம்’ என்று பெயர் பெற்றது. இரண்டு சிப்பாய்களுக்கு ஒரு குதிரையைக் கொடுத்திருந்தார். 25ஆவது நகர்வாக எச்7 சிப்பாயை எச்6க்குச் சும்மா தள்ளினார். பலகையில் ராணி, இரு யானை, இரு பிஷப், குதிரை அத்தனையும் வைத்திருந்த சேமிஷ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். குதிரை பி1ல் முடங்கியிருந்தது. யானையை நகர்த்தினால் ராணி சிக்கும். ராஜாவை எச்2க்கு வைத்தாலும் ராணி போகும். ஜி4 தள்ளினால் கடைசியில் எச்2ல் செக்மேட். மிஞ்சியவை சில சிப்பாய் நகர்வுகள்தான், அவையும் தீர்ந்துவிடும்.

ஆனால் மேலே சொன்ன சோதனையைப் போட்டுப் பார்த்தால் இது தேறாது என்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. வெள்ளை பாஸ் சொன்னாலும் கறுப்பு எஃப்5 யானையை எஃப்3ல் வைக்கும். பிஷப் வெட்ட, மற்ற யானை வெட்ட, ராணிக்குப் போக இடமிருக்காது. அந்த வகையில் 1930 சான் ரெமோவில் அலெகைன் ஆடியது அதிகம் கற்றுத்தருகிறது. சி நெடுவரிசையில் இரண்டு யானைகளுக்குப் பின்னால் ராணியை நிறுத்தி, எதிரியின் காய்கள் எல்லாம் அந்த ஒரு வரிசையைக் காக்கவே ஒட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டு, 30ஆவது நகர்வாக எச்4 வைத்தார். கறுப்புக்குச் சிப்பாய் நகர்வுகள் தீர்ந்ததும் காய்களில் ஏதோ ஒன்று காவலை விட்டு விலக வேண்டும். கறுப்பு அதற்குக் காத்திராமல் விட்டுக்கொடுத்தது. கறுப்பை ஆடியவர் அதே நிம்ஸோவிச்.

கணினிகளுக்கும் இது ஒரு காலத்தில் கண்ணியாக இருந்தது. பல செஸ் நிரல்கள் நேரம் மிச்சப்படுத்த ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன: “என் முறையை நான் விட்டுக்கொடுத்தாலும் நிலை எனக்கு நன்றாகவே இருக்கிறதா? அப்படியென்றால் நகர்த்தினால் இன்னும் நன்றாகத்தான் இருக்கும், மேலும் தோண்ட வேண்டாம்.” நகர்த்துவது எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையில் நிற்கும் கணக்கு இது. சுக்ஸ்வாங்கில் அது பொய்த்துவிடும். அதனால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய நிலைகளில் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடும்படி நிரலில் எழுதிவைக்கிறார்கள்.